ஞாயித்துக்கிழமை வெச்ச எண்ணெ

எம்பேத்திக்கு நான் எண்ணெ தேச்சி வுட்டது கோர்ட்டு பேப்பர்ல ஏறிடுச்சு, தெரியுமா? எனக்குப் படிக்கத் தெரியாது. எங்க வக்கீலுதான் படிச்சிக் காமிச்சாரு. "பாட்டிம்மா, இந்தப் பக்கம் பூரா நீங்கதான்"னு ஒரே சிரிப்பு அவருக்கு.

எம்புள்ளைக்கும் மருமவளுக்கும் டைவர்ஸ் ஆயிடுச்சு. ஏன்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க, ரெண்டும் நம்புற மாதிரிதான் இருக்கும். கொழந்த அவ அம்மாகிட்ட, மேற்கு மாம்பலத்துல. இவன் மாசாமாசம் ஜீவனாம்சம் கட்டணும். ஞாயித்துக்கிழமை காலைல போய் கூட்டினு வரலாம், சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வுட்றணும். ஆர்டர் அதான். ஆயா எனக்குன்னு தனியா ஒண்ணும் எழுதல.

எங்க வூடு மயிலாப்பூர்ல, குளத்துக்குப் பின்னாடி சந்துல. சனிக்கிழமையே போய் சென்னாக்குனி, அந்தப் பொடி எறா, வாங்கியாந்துருவேன், கொழந்தைக்கு அதுன்னா உசுரு. மெட்ரோவுக்குன்னு ரோட்ட தோண்டிப் போட்டுகீறாங்க, ஊரச் சுத்தித்தான் போவணும். அத்த வுடு.

பொம்பளப் புள்ளைக்கு எண்ணெ வெக்கிறது வெள்ளிக்கிழமைல. ஆனா எனக்குக் கெடச்சது ஞாயித்துக்கிழமை. இன்னா பண்றது? பூக்காரம்மாதான் சொன்னா, "எண்ணெல ஒரு பூவு போட்டுட்டா தோஷம் இல்ல, தேச்சி வுடு"ன்னு. தேச்சேன். அப்பிடியே என் முட்டில சாஞ்சி தூங்கிடுச்சு. மறுநாள் அதுக்கு சளி, ஜொரம். மருமவ டாக்டர் சீட்டோட கோர்ட்டுக்குப் போய்ட்டா. இனிமே அப்பன் வூட்டுக்கு அனுப்ப முடியாது, கோர்ட்டுலயே கொழந்தைங்க ரூம்ல உக்காந்து பாத்துட்டுப் போவட்டும்னு கேட்டுகீறா. அங்க நான் எப்பிடி கொழந்தைய மடில போட்டுக்குவேன்?

ஜட்ஜம்மா என்னையும் கூப்ட்டாங்க. "ஏம்மா, சின்னக் கொழந்தைக்கு இப்பிடி எண்ணெ வெக்கலாமா?"

"பூ போட்டுத்தாம்மா வெச்சேன்."

வக்கீலு என் முந்தானையப் புடிச்சி இழுக்கறாரு. அந்தம்மா பேனாவக் கீழ வெச்சிட்டாங்க. "பூவா?"

தோஷம் கதைய பூரா சொன்னேன். ஞாயித்துக்கு பூவு, செவ்வாய்க்கு மண்ணுன்னு. அவங்க சிரிச்ச சிரிப்பு எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும். அப்பறம் கொழந்தைய மட்டும் உள்ள கூட்டினு போய்ப் பேசுனாங்க. வந்து சொன்னாங்க, "எப்பவும் போல வூட்டுக்கே வரட்டும். எண்ணெ மட்டும் வேணாம்."

வெளிய மருமவ நின்னுகினு இருந்தா. நான் கிட்டப் போனேன்.

"அத்தே, எந்தலைக்கு ஒரு நாளு வெச்சிருப்பீங்களா?"

"ஏன், தீபாவளிக்குத் தீபாவளி வெச்சனே!"

"ஆமா, ஊரே வெச்சிக்கிற அன்னிக்கு." சொல்லிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துடுச்சு, மூஞ்சத் திருப்பிக்கினா. நல்ல பொண்ணு அது. எனக்கு அவளையும் தேடுது, யாராண்ட சொல்ல?

போன ஞாயித்துக்கிழமை வந்துச்சு எந்தங்கம். தின்னுட்டு என் மடில படுத்துகிச்சு. தல வறட்டு வறட்டுன்னு கீது, ஏதோ ஷாம்பு வாசன. வெறுங்கையாலயே தடவிக்கினு இருந்தேன், தூங்கிடுச்சு. எம்புள்ள வண்டி சாவிய எடுத்துகினு வந்து நின்னான்.

"எழுப்பும்மா, டைமாவுது."

"இர்டா. அவளுக்கு ஒரு போன் போடு. வண்டி பஞ்சர்னு சொல்லு."

"அதையும் பேப்பர்ல ஏத்துவாங்கம்மா."

ஏத்தட்டுமேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பறம் ஞாயித்துக்கிழமையும் போய்ட்டா? கொழந்த காதாண்ட குனிஞ்சி, "கண்ணு, அம்மா தேடுவா, எழுந்துரு"ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். மொதல் தபா அதுக்குக் கேக்கல.