தட்டாமல் விட்ட தோள்

எழுபதுகளில் விமானப்படையில் மணியமும் நானும் ஒரே போர் விமானத்துக்கு மெக்கானிக். விமானிக்குப் பெல்ட்டை இறுக்கியதும் மணியம் அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவான். அதன் பிறகுதான் ஏணியை எடுப்போம்.

ஓய்வுக்குப் பின், புந்தோங்கில் தனியாக இருந்த என்னைப் பார்க்க சிலிம் ரிவர் என்ற ஊரிலிருந்து மாதாமாதம் பஸ்ஸில் வருவான்.

"நம்ம ஜெட்டு எங்க மச்சான்?" என்று கேட்பான்.

"மியூசியத்துல பத்திரமா இருக்குலா" என்பேன்.

பொய். ஒருநாள் புதுச் சட்டையோடு வந்து, "வா, பாத்துட்டு வரலாம்" என்றான். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அதை வெளிநாட்டுக்கு விற்றுவிட்டார்கள். அங்கே ஆளில்லாமல் பறக்கவிட்டு, சுட்டுப் பழகுவதற்கான குறியாக்கி வீழ்த்திவிட்டார்கள்.

"தட்ட ஒரு தோள்கூட இல்லாமயா அனுப்புனாங்க?" என்றான்.

அன்று பஸ் ஏறியவன் பிறகு வரவேயில்லை. ஏறும்போது அவன் தோள் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.