பலாப்பலகைக் கப்பலும் சிவப்பு இறாலும்

என் மகன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். போன முறை லீவில் வந்தபோது, கதவு செய்து மிஞ்சிய பலாப்பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, வாசல் படியில் உட்கார்ந்து ஒரு கப்பல் செதுக்கினான். முன்பக்கம் கூர்மையாக, பாய்மரம் எல்லாம் வைத்து, பார்க்க நன்றாக வந்தது. நான் அரிசி புடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் உளியை எடுத்து அதன் வயிற்றில் ஓட்டை போட்டான். பாய்மரத்தையும் பாதியில் முறித்தான். ஏன்டா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கேள்வி கேட்டால் நமக்குத் தெரியாதது நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று சின்ன வயதிலிருந்தே வாயை மூடிப் பழகிவிட்டேன்.

அவன் கப்பலுக்குத் திரும்பிப் போன பிறகு மருமகள்தான் விளங்கப்படுத்தினாள். கண்ணாடித் தொட்டியில் மணல் போட்டு, பாசி வளர்த்து, அந்த ஓட்டைக் கப்பலை அடியில் சாய்த்து வைக்க வேண்டுமாம். கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல் மாதிரி இருக்க வேண்டுமாம். அதற்குள் சின்ன இறால்களை விடுவதாம். அடுத்த முறை தான் வரும்போது அவை குஞ்சு பொரித்துப் பெருகியிருக்க வேண்டும் என்று மகன் ஆசையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவன் வீட்டில், கவிழ்ந்த லொறியைப் படம் பிடித்து மாட்டுவார்களா? பிள்ளை நடுக்கடலில் இருக்கும்போது மூழ்கிய கப்பலைக் கொண்டுவந்து வீட்டுக்குள் வைக்கலாமா? மருமகளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் என் பயம் அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

தொட்டி, சீகிரியாப் பக்கம் ஒரு ஹோட்டலில் கழித்துப் போட்டது. பக்கத்து வீட்டுக்காரியின் புருசன் த்ரீவீலில் ஏற்றி வந்து தந்தார். பைப் தண்ணீரில் மருந்து இருக்கிறதென்று அதை வாளிகளில் பிடித்து ஆற வைத்து ஊற்றினோம். பாசியைக் காசு கொடுத்து வாங்கினோம். கிணற்றடியில் நான் வருசக் கணக்காகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய அதே பாசி மாதிரித்தான் இருந்தது. நூலால் அதைக் கல்லில் கட்டச் சொன்னாள். கட்டினேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பொலித்தீன் பையில் இறால் வந்தது. ஒவ்வொன்றும் நகம் அளவுகூட இல்லை. எல்லாம் செக்கச் சிவந்திருந்தன. எனக்குத் தெரிந்த இறால் வெந்தால்தான் சிவக்கும்.

"இத யாரு புள்ள அவிச்சது?" என்று கேட்டுவிட்டேன்.

மருமகள் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி அதைவிடச் சிரித்தாள். "அக்கா, இது உசுரோடயே இந்தக் கலருதான். ஆனா ஒண்ணு, இவ்வளவையும் சேத்து இடிச்சாலும் ஒரு கூனிச் சம்பலுக்குக் காணாது!"

மறுநாள் மணலில் ஒன்று கிடந்தது. காலும் மீசையும் வாலும் இருந்தன, அசையவில்லை. வந்த மறுநாளே சாவா? மருமகள் குனிந்து பார்த்துவிட்டு, "சாகல மாமி. சட்டையக் கழட்டிப் போட்டிருக்கு. ஆளு உள்ள எங்கயோ ஒளிஞ்சிருக்கு" என்றாள். செத்தது போலக் கிடப்பது சாகவில்லை. வெந்தது போல இருப்பது வேகவில்லை. அந்தத் தொட்டிக்குள் எதை நம்புவது என்றே எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகக் கப்பலை வைத்தாள். அது மிதந்தது. விரலால் அமுக்கினாள், உள்ளே போய்விட்டு மேலே வந்தது. வயிற்றில் அவ்வளவு பெரிய ஓட்டை இருந்தும் வந்தது. எனக்குள் ஒரு சந்தோசம். முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

"மாமி, மரத்த நல்லா அவிச்சா தண்ணி குடிச்சி முழுகுமாம். ஃபோன்ல போட்டிருக்கு. கொஞ்சம் அவிச்சித் தாறீங்களா? எனக்குத் தையலுக்கு வந்த இந்தச் சட்டையெல்லாம் தைச்சுக் குடுக்கணும்."

என் மகன் செதுக்கிய கப்பலை, குளிக்கத் தண்ணீர் காய்ச்சும் சட்டியில் போட்டுப் பின்பக்க அடுப்பில் அவித்தேன். பலா மரம் அல்லவா, தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரியின் தலை வந்தது.

"என்னக்கா, கப்பலுக்கு மஞ்சத் தண்ணியா? சடங்காயிருச்சா? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்ல?"

நானும் சிரித்து வைத்தேன். அந்த மஞ்சள் போகும் வரைக்கும் தண்ணீரை மாற்றி மாற்றி அவித்தேன். அந்தச் சமயம் பார்த்து மகனிடமிருந்து ஃபோன் கோல் இல்லை. ஒரு துறைமுகத்தை விட்டால் அடுத்ததைப் பிடிக்கும்வரை லைன் கிடைக்காது என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? அடுப்பின் முன்னால் இருந்து அம்மனை நினைத்துக் கும்பிடுவேன். ஆனால் என்னவென்று கும்பிடுவது? கப்பல் மூழ்க வேண்டும் என்றா, மூழ்கக் கூடாது என்றா? எந்தக் கப்பலைச் சொல்கிறேன் என்று அம்மனுக்குச் சரியாக விளங்குமா? பாதியிலேயே கையை எடுத்துவிடுவேன்.

ஒரு நாள் அது சட்டிக்குள் ஒரு பக்கம் சரிந்து, மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது. அகப்பையால் அள்ளி வெளியே எடுத்தேன்.

"முழுகிருச்சா மாமி?"

"முழுகிருச்சு, புள்ள."

ஆனால் தொட்டியில் வைத்ததும் முன்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. மருமகள் ஒரு தட்டைக் கல்லை எடுத்து வந்தாள். "நான் அடியில கல்லக் கட்டுறேன். நீங்க கப்பல மணலோட அமத்திப் பிடிங்க மாமி."

கையைத் தொட்டிக்குள் விட்டேன். தண்ணீர் சில்லென்றிருந்தது. விரலால் கப்பலைத் தொட்டேன். அமத்த முடியவில்லை.

"அமத்துங்க."

"மிதக்கிறது மிதக்கட்டுமே, புள்ள."

அவள் நூலை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"மாமி, உங்களுக்கு மட்டும்தான் பயமா இருக்குன்னு நெனச்சீங்களா? ராவும் பகலும் இந்த ஃபோனத் தானே பாத்துக்கிட்டிருக்கேன்." நூலை மறுபடி எடுத்துக் கல்லில் சுற்றினாள். "இது முழுகி முடிஞ்ச கப்பல். இதுக்கு வர வேண்டியது வந்திருச்சு. இனி என்ன வரப்போகுது இதுக்கு?"

அவள் சொன்னது ஆறுதலா, திட்டா? இந்தக் கப்பல் மூழ்கினால் அந்தக் கப்பலுக்கு ஒன்றும் வராது என்கிறாளா? வீட்டு முன்னால் திருஷ்டிப் பொம்மை வைப்பது மாதிரியா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அமத்தினேன். அவள் கட்டினாள். கண்ணைத் திறந்தபோது கப்பல் ஒரு பக்கமாகச் சரிந்து மணலில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு இறால் அந்த ஓட்டைக்குள் நுழைந்தது.

மறுநாள் பின்னேரம் கோல் வந்தது. முகம் தெரிகிற கோல். மகன் கருத்துப்போயிருந்தான், தாடி விட்டிருந்தான். சாப்பிட்டியா என்று நான் கேட்பதற்குள் மருமகள் ஃபோனைத் தொட்டிக்கு நேரே பிடித்தாள்.

"பாருங்க! மாமிதான் அவிச்சாங்க. மாமிதான் அமத்திப் பிடிச்சாங்க."

"அம்மாவா?" என்று சிரித்தான். பிறகு பார்த்துக்கொண்டே இருந்தான். முகம் அப்படியே நின்றது. லைன் நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் ஒருவன் கோப்பையோடு நடந்து போனான். லைன் நிற்கவில்லை.

"நல்லா இருக்கு" என்றான். பிறகு, "கொஞ்சம் நிமித்தி வைங்களேன்."

"நீங்கதானே சாஞ்சிருக்கணும்னு படிச்சிப் படிச்சிச் சொன்னீங்க?"

"சொன்னேன்தான். கொஞ்சம் நிமித்துங்க."

அழகுக்குச் சொன்னானா, வேறு எதற்காவது சொன்னானா, எனக்குத் தெரியவில்லை. மருமகள் ஃபோனைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் கை வளையலை மேலே ஏற்றிவிட்டுக் கையைத் தண்ணீருக்குள் விட்டேன். இறால்கள் ஓடவில்லை. என் விரலில் ஏறிச் சின்னக் கால்களால் கிண்டிப் பார்த்தன.

"இவ்வளவு போதுமா தம்பி?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்மா."