நடுச்சுவருக்கு இந்தப் பக்கம்

என் பெரியப்பா மகனை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. என்னைவிட எட்டு வயது மூத்தவர். மதுரையில் எங்களுக்கு வந்த ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டு பல வருஷம் குடியிருந்தோம். கொல்லையும் கிணறும் மட்டும் பொது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே தேவாலயத்துக்குப் போய், ஆளுக்கொரு மூலையில் முழங்காலிட்டுவிட்டு, ஆளுக்கொரு சந்து வழியாகத் திரும்பி வருவோம்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் அவர் தன் பாதிக் கூரையிலிருந்த நாட்டு ஓட்டைப் பிரித்துவிட்டுச் சீமை ஓடு போட்டார். அவர் கூரை என்னுடையதைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டது. இரண்டு கூரையும் ஒட்டும் சேர்மானத்தை அவருடைய கொத்தனார் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைத்துவிட்டுப் போனார். அடுத்த ஐப்பசியில் என் வீட்டுக்குள் நடுச்சுவரை ஒட்டித் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. கட்டிலை நகர்த்தினோம். அலமாரியை நகர்த்துவதற்குள் நான் திருத்த வைத்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டுகள் ஊறிப் போய்விட்டன. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த நான் அதற்குத் தலைமையாசிரியரிடம் வாங்கிய பேச்சு வேறு.

கிணற்றடியில் அவரை மறித்தேன்.

"அண்ணே, ஒங்க சேர்மானத்துலதான் தண்ணி எறங்குது. கொத்தனாரக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"ஏம் பக்கம் ஒரு சொட்டு ஒழுகல. ஓம் ஓடு ஒழுகுனா ஓம் ஓட்டப் போயிப் பாரு. நான் சீமை ஓடு போட்டதுல இருந்து ஒனக்கு வயிறு எரியுது."

எரிந்தது உண்மைதான். அதை அவர் வாயால் கேட்டதும் இன்னும் எரிந்தது.

ஒத்தக்கடைப் பக்கமிருந்து வரும் ஓட்டு வேலைக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். கீழே நின்றே அண்ணாந்து பார்த்துவிட்டு, "மழ விட்டு நாலு நா காயட்டும் சார். இம்புட்டு ஈரத்துல நாட்டு ஓட்டுல கால வச்சா பொடிஞ்சு போகும்," என்று கிளம்பிவிட்டார். அதற்குள் சுவரில் பச்சை படர்ந்துவிட்டது. என் மனைவிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு இருமலையும் அண்ணன் கணக்கில்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. தேங்காய்ச் சிரட்டையில் சுண்ணாம்பைக் குழைத்து எடுத்துக்கொண்டு, கொல்லையில் ஏணியைச் சாத்தி நானே ஏறினேன். ஓட்டைத் தாங்கும் கைமரம் கீழே எங்கே இருக்கிறது என்று குறிபார்த்து ஓட்டில் மெல்ல அடியெடுத்து வைத்துப் போனேன். சேர்மானத்தை எட்ட வேண்டுமானால் அவருடைய கூரையில் ஒரு காலை ஊன்றியாக வேண்டும். ஊன்றினேன். சீமை ஓடு ஒன்று படீரென்று உடைந்தது.

"எவன்டா அது?" என்று அண்ணன் கொல்லைக்கு ஓடி வந்தார்.

"நாந்தான். நீங்க செய்யாத வேலையச் செஞ்சுக்கிட்டிருக்கேன்."

என்னையும் உடைந்த ஓட்டையும் பார்த்தார். பிறகு என் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கொல்லைப்புற வாசற்படிக்குக் குறுக்கே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"ஏணிய வைய்யி," என்றேன். அவரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஓட்ட ஒடச்சவன் ஓட்டு மேலயே கெட."

என் மனைவி கிணற்றடியில் நின்று கெஞ்சினாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மழை மறுபடியும் பிடித்தது. முகட்டில் குதிரை ஏறியதுபோல் உட்கார்ந்து, கையில் கரைந்து வழியும் சுண்ணாம்போடு, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் மனசுக்குள் அவருக்குச் சூட்டினேன். ஒரு வாத்தியாருக்குத் தெரியக்கூடாத வார்த்தைகளும் அதில் இருந்தன.

சேர்மானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று கண்ணால் பிடித்துவிட்டால் அதையே அவர் முகத்தில் எறியலாம். ஆனால் அங்கே விழுந்த தண்ணீர் சாந்தின்மேல் வழுக்கிக்கொண்டு நேராகக் கீழே ஓடியது. எங்கும் இறங்கவில்லை. என் தொடைக்குப் பக்கத்தில், என் முகட்டில்தான், தண்ணீர் சின்னதாகச் சுழித்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. போன கிறிஸ்மஸுக்கு நட்சத்திர விளக்குத் தொங்கவிட நான் மூங்கில் நட்ட இடம் அது. மூங்கிலைப் பிடுங்கியபோது முகட்டுச் சாந்து விரல் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. உள்ளே இறங்கிய தண்ணீர், சுவர்ப் பக்கம் சரிந்திருந்த விட்டத்தோடு ஓடிப் போய் அந்த முனையில் சொட்டியிருக்கிறது.

விரிசலை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினேன். "உள்ள போயிப் பாரு!" என்று மனைவியிடம் கத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே ஓடி வந்தாள். "நின்னுருச்சுங்க! ஒரு சொட்டு இல்ல! அந்தச் சேர்மானந்தானே?"

கீழே ஏணிமேல் உட்கார்ந்திருந்தவரும் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் இருந்த இடத்திலிருந்து சேர்மானம் இரண்டு கை தூரம்தான். கீழே நிற்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

"ஆமா, சேர்மானந்தான்," என்றேன்.

மேல்துண்டைக் கிழித்துச் சுண்ணாம்பில் தோய்த்து விரிசலில் திணித்தேன். சாயங்காலம் இடி இடிக்கத் தொடங்கியதும் மதினி வெளியே வந்து புருஷனை எழுப்பிவிட்டு ஏணியை இழுத்தார். "இந்தாளு மேல இடி விழுந்தா நாமள்ல பதில் சொல்லணும்? எறங்கித் தொலையச் சொல்லுங்க," என்றார். என்னிடம் நேராக ஒரு வார்த்தை இல்லை. நானும் நன்றி சொல்லவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் என் மனைவி பாதிரியாரிடம் போய் அழுதுவிட்டாள். ஏணியை எடுத்ததை ஊரே பேசியது. பாதிரியார் இரண்டு பேரையும் நிற்க வைத்து விசாரித்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏணிய எடுத்தது தப்புதான்," என்றார். சேர்மானத்தையும் அவரே பிரித்துச் சரிசெய்து தரவேண்டும் என்று பாதிரியார் சொன்னார். இதுதான் சமயம், ஒழுகியது என் முகடுதான் என்று சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

மழை விட்ட பிறகு இரண்டு நாள் அவர் கொத்தனாரோடு தானும் மேலே ஏறி, நல்ல நிலையில் இருந்த சாந்தைக் கொத்திப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பூசினார். இடுப்புப் பிடிப்பு உள்ள மனுஷன். ஒவ்வொரு படியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் சந்தோஷம்தான்.

இரண்டாம் நாள் இறங்கி வந்து, முழங்கை வரை சுண்ணாம்போடு என் வாசலில் நின்றார்.

"இனிமே ஒழுகுமா?"

"ஒழுகாது."

தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். அதற்கு அப்புறம் அந்த வருஷம் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.