அருளப்பன் கணிப்பு தவறிய நாள்

போன செவ்வாய்க்கிழமை காலையில் மீன்காரி கன்னியம்மா வெறுங்கூடையோடு வந்து நின்றாள். “அருளப்பன் வாத்யாரு நேத்து சாயங்காலம் போய்ட்டாரு சார்” என்றாள். கல்லூரியில் என் பக்கத்து அறைக்காரரின் சாவை மீன்காரி வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. துக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அவரோடு பழகிய நண்பர்களான உங்களிடம் மறைப்பானேன்? எனக்கு அவர்மேல் பொறாமை.

பொருளாதார வாத்தியாராகச் சேர்ந்து, சமூகவியலே தன் துறை என்று மீனவர் குப்பம் குப்பமாக அலைந்தவர் அவர். நான் ரசாயனம். ஒருமுறை திருவொற்றியூர்க் குப்பத்துக்கு, கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க நானும் கூடப் போனேன். உதவியாக இருக்கட்டுமே என்று ஒரு வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். மூன்று என்றாள் அந்த அம்மாள். வாசலில் அவள் பிள்ளைகள் நாலு பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எண்ணிச் சொன்னால் கண் படும், அதனால் நம்மிடம் மூன்று; ரேஷன்காரர் கேட்டால் ஐந்து என்று அருளப்பன் விளக்கினார். ஆள் மாறினால் அளவும் மாறும் என்றால் இதெல்லாம் ஒரு விஞ்ஞானமா என்று மடக்கினேன்.

“யார்கிட்ட எப்படி மாறும்னு முன்கூட்டியே சொல்ல முடிஞ்சா விஞ்ஞானம்தான்” என்றார். அந்த அம்மாள் அவருக்கு மட்டும் மணை எடுத்துப் போட்டாள்.

குப்பத்தில் யாராவது இறந்தால் மறுநாள் ஒரு கட்டுமரமும் கடலில் இறங்காது. உங்களுக்கும் அப்படி நிற்பார்களா என்று ஒருநாள் அவரைச் சீண்டினேன். என் ஆய்வுக்கூட நோட்டை இழுத்து, ‘நான் இறந்தால் கட்டுமரங்கள் போகும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தான் தெற்கத்தி மளிகைக் கடைக்காரர் மகன், எத்தனை வருஷம் வந்துபோனாலும் வெளியாள்தான் என்றார்.

“தப்பாப் போனா?” என்றேன்.

“போகட்டும். தப்பே ஆகாதது ஜோசியம். தப்புன்னு காட்ட இடம் குடுக்கிறதுதான் விஞ்ஞானம்.”

அடக்கத்துக்குப் போகிற வழியில் கடற்கரையைப் பார்த்தேன். காற்றும் அலையும் தொழிலுக்குத் தோதாகத்தான் இருந்தன. கட்டுமரங்கள் எல்லாம் மணலில் கிடந்தன. அப்போதுதான் அந்த வெறுங்கூடை எனக்கு உறைத்தது. கூட வந்த, குப்பத்துக்காரியான கன்னியம்மாவைக் கேட்டேன்.

“இன்னா சார் கேக்கற? நம்ம வூட்டு சாவுக்குக் கடலுக்குப் போவாங்களா?”

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, அவர் கையெழுத்துக்குக் கீழே ‘கணிப்பு தவறு’ என்று எழுதினேன். எங்கள் வழக்கில் ஜெயித்தது நான்தான். அவர் சொன்ன இலக்கணப்படி அவரும் ஜெயித்துவிட்டார். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கப் போவதில்லை. இருபது வருஷமாக நானும் இதே கடற்கரையை ஒட்டி, ராயபுரத்தில்தான் இருக்கிறேன். நான் செத்த மறுநாளும் கன்னியம்மா கூடை நிறைய மீனோடு வருவாள். இந்தக் கணிப்பு தவறாது.