ரோடு போட்டவர்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தற்காலிக உத்தியோகத்தில் இருப்பவளுக்கு அது ஆகாது என்று வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்கள். பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் ஒரு சிறிய நூலகத்தில் உதவியாளர் வேலை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகர் கூட்டம் நடக்கும். பிடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். துணிக்கடைக்கார நானா துப்பறியும் கதையாகக் கொண்டுவந்து கொலைகாரன் யார் என்பதையும் சொல்லித் தொலைப்பார். ஒரு ஞாயிறு, மேல் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் மகளோடு வந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. அலுமாரியில் இருந்த தடித்த மாவட்ட வரலாற்றைக் காட்டி, "இதுல நம்ம தோட்டம் இருக்கா? படி பாப்போம்" என்றார்.

இருந்தது, நான்கு வரி. வெறும் காடாகக் கிடந்த மலையில் ஒரு துரை தொழிற்சாலை வரைக்கும் ரோடு போட்டாராம்.

"தொர கல்லு சொமந்தாரா?" என்று கேட்டார் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் லயத்துப் பெண்களும் ஆற்றிலிருந்து தலையில் கல் சுமந்ததைச் சொன்னார். எந்த வளைவில் பாறை உடைத்தார்கள், அதே வளைவில் மண் சரிந்து எந்த இரண்டு பெண்கள் செத்தார்கள் என்றும் சொன்னார். நான் அதைத் துண்டுத் தாளில் எழுதி அந்தப் பக்கத்திலேயே ஒட்டினேன். நூலகத்தில் வேலை செய்பவள் செய்யக் கூடாத காரியம். இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தமில்லை.

அடுத்த ஞாயிறு அந்தத் தோட்டத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல ஆளுக்கொரு துண்டு எழுதி ஒட்டினேன். புத்தகம் மூட முடியாமல் உப்பிப் போனது.

எங்கள் நூலகர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் சட்டத்தை விட்டு ஓர் அங்குலம் அசையமாட்டார். "பிள்ளை, உந்தத் துண்டெல்லாத்தையும் வாற ஞாயிறுக்கு முதல் கிழிச்சு எறியும்" என்றார்.

"ஏன் சேர், பொய்யா எழுதியிருக்கு?"

"மெய்யோ பொய்யோ, ஆர் எழுதினது எண்டு பேரில்லை. பேரில்லாததை வரலாறு எண்டு அலுமாரியிலை வைக்கேலாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நான்கு வரியை எழுதியவர் அந்தத் தோட்டத்துப் பக்கம் வந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. நான் எதையும் கிழிக்கவில்லை. துண்டுகளைப் பதமாகப் பிரித்தெடுத்து, கெட்டி அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினேன். ஞாயிறன்று எல்லோரும் வந்து சேர்ந்ததும் கொப்பியை அவர் மேசையில் வைத்தேன்.

"இது அலுமாரிக்குப் போகலன்னா, நாளையிலருந்து நானும் வேலைக்கு வரமாட்டேன் சேர்."

"ஆசிரியர் ஆர்?"

"மொதப் பக்கம் நான் சொன்னதுங்க. எம் பேரப் போடுங்க" என்று அக்கா முன்னால் வந்தார். கையெழுத்து வராது என்றதும் நூலகர் மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"மொதல்ல படிச்சுக் காட்டுங்கய்யா. ஆபீஸ்ல வச்சேன், ஆஸ்பத்திரியில வச்சேன், எத்தனையோ தாள்ல கைநாட்டு வச்சேன். என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரும் படிச்சுக் காட்டல."

நூலகர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து உரக்கப் படித்தார். 'விபத்தில் இரண்டு பெண்கள் இறந்தனர்' என்ற இடத்தில் அக்கா கையை உயர்த்தினார்.

"நான் எங்க விபத்துன்னு சொன்னேன்? மழையில வேணாம்னு அழுதாங்க. தொரையோட ஆளுங்கதான் வெரட்டி ஏத்துனாங்க."

அந்தச் சொல்லைப் போட்டவள் நான்தான். பெரிய வாயாடி, எழுத உட்கார்ந்தபோது பயந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

நூலகர் தன் பேனாவை எடுத்து 'விபத்து' என்பதை வெட்டினார். அக்கா சொன்னதை அப்படியே மேலே எழுதி, மறுபடி படித்துக் காட்டினார்.

"இப்ப சரி" என்றார் அக்கா. பெருவிரலை மையில் வைத்து, முதல் பக்கத்தில் அழுத்தினார்.