வேறு கைக்குச் சுரக்காத பசு

உலகம்மாளை எங்கும் போகவிடாமல் கட்டிப்போட்டிருந்தது ஒரு பசு. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், ஓலைக்கொட்டகையில் நின்ற செவலை. கிடேரியாக வாங்கி வந்ததிலிருந்து அவள் கையால் தின்று வளர்ந்தது. வேறு யார் மடியில் கை வைத்தாலும் பாலை எக்கிக்கொள்ளும். மீறி உட்கார்ந்தால் உதைக்கும். பால் வற்றுகிற இரண்டு மாதந்தான் உலகம்மாளுக்கு விடுதலை. மற்ற நாளெல்லாம் இரண்டு நேரமும் கறந்து, கிழக்கேகோட்டை அக்கிரகாரத்து வீடுகளுக்கு ஊற்றிவிட்டு வரவேண்டும். கல்யாணம், கோயில் கொடை எதற்கும் ஊருக்குப் போனதில்லை. மகாராணிக்கு நான்தான் வேணும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். பெருமைப்படாமல் அவளும் என்னதான் செய்வாள்?

எழுபத்தொன்றாம் வருடம் ஆவணியில் பணகுடியிலிருந்து தந்தி வந்தது. அம்மா கிடையாய்க் கிடக்கிறாள், மகளைக் கேட்கிறாள். அந்த வருடம் கன்றும் தங்கவில்லை. கறக்காமல் விட்டால் மடியில் பால் கட்டி மாடே போய்விடும். மத்தியானக் கறவைக்குப் புருஷன் சொரிமுத்துவை உட்காரவைத்துப் பார்த்தாள். சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை தூக்குகிற ஆள், ஒரே உதையில் சாணியில் கிடந்தான்.

அடுத்த வீட்டு ரத்னாபாய் ஒரு வழி சொன்னாள். உலகம்மாள் உடுத்திய சேலையைச் சுற்றி, முக்காடு போட்டு உட்காரட்டும், அந்த வாசனைக்கு மாடு சுரக்கும் என்றாள். சொரிமுத்துவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் சேலை கட்டணுமா? நாளைக்குச் சாலையில தலைகாட்டண்டாமா?"

உலகம்மாள் வற்புறுத்தவில்லை. ஆம்பிளையை அப்படிக் கேட்பதே தப்பு என்று அவளுக்கும் பட்டது. போதாததற்கு, சேலைக்கெல்லாம் ஏமாறுகிற மாடா என் செவலை என்ற நினைப்பு வேறு. ஊருக்குப் போகக் கட்டிய துணிப்பையை அவிழ்த்து வைத்துவிட்டு மாட்டடியில் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் அடுத்த தந்தி வந்தது. அழக்கூட நேரமில்லை, கறவைக்கு நேரமாகிவிட்டது.

நாலு வருடம் கழித்து, மழையில் வழுக்கி வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் விடியலில் மடி கனத்துச் செவலை கதறியது. வேறு வழியில்லாமல் சொரிமுத்து, முந்தின நாள் அவள் கழற்றிப் போட்ட சேலையை வேட்டிக்கு மேல் சுற்றினான். முக்காடு போட்டான். தெருவை இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குந்தினான்.

செவலை திரும்பி மோந்தது. பிறகு புண்ணாக்குத் தண்ணீரில் வாயை வைத்துக்கொண்டது. செம்பில் பால் விழுகிற சத்தம் கேட்டு உலகம்மாள் எழுந்து வந்தாள். செம்பு நுரைத்து நிறைந்திருந்தது.

"பாத்தியா, இம்புட்டுதான் காரியம்," என்றான் முக்காட்டுக்குள் சிரித்தபடி.

"இம்புட்டுதானா?" என்றாள் உலகம்மாள். "அன்னைக்கே நீங்க இதக் கட்டியிருக்கலாம்லா. எங்கம்மை முகத்தப் பாத்திருப்பேன்."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் தொழுவத்துத் தரையில் உட்கார்ந்து, அம்மா அன்றைக்குத்தான் செத்ததுபோல் வாய்விட்டு அழுதாள். சொரிமுத்து சேலையை அவிழ்க்கவும் மறந்து, செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.