சுண்ணாம்பும் பசளையும்

மிளகாய்ப் பாத்திக்குச் சுண்ணாம்பு போட்டால், இரண்டு கிழமை பொறுத்துத்தான் பசளை போடுவோம். களுதாவளையில் எங்கள் மணல் தோட்டத்தில் அதுதான் வழக்கம். அந்த முறை மழை விடவேயில்லை. கன்றுகள் மஞ்சளித்துக்கொண்டு வந்தன.

"ரெண்டையும் ஒண்டாக் கலந்து வை புள்ள. மழை விட்டதும் ஒரேயடியா வீசிட்டு வந்திரலாம்" என்றார் மாமி.

நான் உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவள். அமோனியம் உப்போடு சுண்ணாம்பு போன்ற காரம் சேர்ந்தால் அமோனியா வாயு வரும், சிவப்புப் பாசிச்சாயத்தாள் நீலமாகும் என்று எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்! ஆனாலும், தோட்டத்திலேயே காலம் கழித்தவருக்குத் தெரியாததா என்று நினைத்தேன். கலியாணமாகி வந்த நாள் முதல் மாமிக்கு மறுபேச்சுப் பேசியதுமில்லை.

"ஓம் மாமி."

சாரல் அடிக்குமென்று குசினிக் கதவையும் யன்னலையும் சாத்தினேன். என் பார்வையிலேயே இருக்கட்டுமென்று எட்டு மாத மகனின் ஏணையை அங்கேதான் கட்டியிருந்தேன். உறங்கிக்கொண்டிருந்தான். சீனி போன்ற அமோனியம் சல்பேற்றுப் பசளை ஈரத்தில் கட்டிபட்டிருந்தது. அதைப் பேசினில் உடைத்துப் போட்டு, சுண்ணாம்பைக் கொட்டித் தடியால் கிளறினேன்.

முதலில் மெல்லிய நெடி. அடுத்த மூச்சில் மூக்கும் கண்ணும் பற்றி எரிந்தன. ஏணைக்குள் இருமல் கேட்டது. அழத் தொடங்கியவனின் குரல் பாதியில் நின்றுபோனது.

கண் திறக்க முடியாமல் தடவித் தடவிப் பிள்ளையை அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். வாய் திறந்திருந்தது, சத்தமில்லை. கொட்டுகிற மழையிலேயே அவன் முகத்தைக் கழுவினேன். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். அதுவும் படித்ததுதான். எவ்வளவு நேரமென்று தெரியாது. ஒருவழியாக வீரிட்டு அழுதான்.

மாமியும் நானும் அவனை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒட்சிசன் கொடுத்தார்கள். நெடுநேரம் நெஞ்சைச் சோதித்த டொக்டர், "மூச்சு சீராகிட்டுது. நாளைவரைக்கும் வச்சுப் பார்ப்பம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆர் இதைக் கலக்கச் சொன்னது?"

"நான்தான் ஐயா" என்று மாமி முந்திக்கொண்டார். "இவளுக்கு என்ன தெரியும், பாவம்." அவர் கை என் ஈரத் தலையைத் தடவியது.

"எனக்குத் தெரியும் மாமி" என்றேன். "நெடி வரும் எண்டு படிச்சிருக்கன்."

கை நின்றது. "மறுகா ஏன் புள்ள கலந்த?"

"நீங்க சொன்னீங்க எண்டுதான்."

மாமி கையை எடுத்துக்கொண்டார்.